உறைக்குள் இருக்கும் உழைப்பு

தச்சருக்குப் பெயருண்டு. கொல்லருக்கும் கன்னாருக்கும் தட்டாருக்கும் பெயருண்டு. கதிரைக்கும் செற்றிக்கும் நாடாவும் பஞ்சும் உறையும் இட்டு, அவற்றை மனிதர் அமர்வதற்கு உரியனவாக ஆக்கும் தொழிலாளிக்கு மட்டும் எழுத்துத் தமிழிலே நிலைத்த பெயரொன்று இல்லை. யாழ்ப்பாணத்தில் அவரைக் 'குஷன்காரர்' என்பர். 'செற்றி அடிக்கிறவர்' என்றாலும் விளங்கிக்கொள்வர். நிகண்டுகளில் அவரைத் தேடுவது வீண்வேலை.

இதற்குக் காரணமும் உண்டு. கதிரை என்னும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். மேசையும் அலுமாரியும் அதே கப்பலில் வந்தவை. பாயிலும் திண்ணையிலும் இருந்து பழகிய சமூகத்துள் கதிரை அதிகாரியின் இருக்கையாகவே நுழைந்தது. பின்னர் உடையார் வீட்டு விறாந்தைக்கு வந்தது. நடுத்தர வகுப்பாரின் முன்மண்டபத்துக்கு அது வந்துசேர மேலும் நெடுங்காலம் சென்றது. அதனோடு வந்த தொழிலும் புதியது. ஆகவே சாதி வகுத்த தொழில்களின் பட்டியலில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. தையற்காரர் சிலரும், தச்சர் சிலரும், வாகனங்களுக்கு இருக்கை தைத்த சிலரும் இதற்குள் வந்து சேர்ந்தனர்.

மெத்தை வேலை நம்மவர்க்கு முற்றிலும் புதிதென்று கூறுவதற்கில்லை. நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் கட்டிலை விரிவாக வருணிக்கின்றது. கட்டிலுக்குத் தந்தம் தந்த யானையின் வயதைக்கூடப் புலவர் மறவாது சொல்கின்றார். தந்தத்தைச் செதுக்கிய வல்லோனின் கூரிய உளிக்கும் ஒரு சொல் கிடைக்கின்றது. அன்னத்தின் தூவி இட்ட அணையும் பாட்டிலே இடம்பெறுகின்றது. ஆனால் அத்தூவியை ஆய்ந்து எடுத்து, அடைத்து, தைத்து மூடிய கை யாருடையது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புலவரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. செதுக்கியது கண்ணுக்குத் தெரிந்தது, அடைத்தது தெரியவில்லை. அவ்வளவே.

இத்தொழிலை நாம் ஈண்டு எடுத்துக்கொள்வதற்குக் காரணமும் அதுவே. ஏனைய தொழில்களில் ஓரளவுக்கே மறைந்திருக்கும் அறப் பிரச்சினை ஒன்று இத்தொழிலில் முழு உருவில் நிற்கின்றது. யாரும் காணாத இடத்திலே செய்யப்படும் வேலையை ஒருவர் ஏன் ஒழுங்காகச் செய்யவேண்டும்? அது யாருக்குச் செலுத்தும் கடன்? அவ்வாறு செய்யும்படி கேட்பதற்கு எமக்கு என்ன உரிமை உண்டு?

எமக்குத் தெரிந்த குஷன்காரர் ஒருவரின் தொழிற்கூடம் யாழ் நகரின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் இருந்தது. தகரக் கொட்டகை, வாசலிலே தோல் உரித்த மிருகங்கள்போல அடுக்கிவைத்த கதிரைச் சட்டங்கள், உள்ளே காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் ஒன்று, எங்கும் தும்பின் மணம். பாடசாலை முடிந்து வீடு திரும்பும் வழியாதலால் அங்கு நின்று பார்ப்பது எமக்கு வழக்கமாயிற்று.

பழைய உறையை அவர் கிழித்தெறிய மாட்டார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, உறையைச் சேதமின்றிக் கழற்றி விரிப்பார். புதிய உறைக்கு அதுவே அளவு. கழற்றும்போது கதிரை தன் இரகசியங்களைக் கக்கும். சில்லறைக் காசு, கொண்டையூசி, சிறுவர்களின் மாபிள், செபமாலை மணி, முதியவர்கள் விழுங்கிவிட்டதாகச் சொல்லி ஒளித்த குளிசைகள். இவற்றையெல்லாம் ஒரு பால்மாப் பேணிக்குள் இட்டுவைத்து, கதிரையைத் திருப்பிக் கொடுக்கும்போது பேணியையும் கொடுப்பார். ஒரு வீட்டில் குளிசைகளைக் கண்ட மருமகள் அழுதுவிட்டார் என்று ஒருமுறை சொன்னார். அதன்பின் குளிசைகளை மட்டும் தாமே எறிந்துவிடத் தொடங்கினாராம். அது சரியா பிழையா என்று எம்மிடம் கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை.

பழைய முறைப்படி செய்யும் வேலை பின்வருமாறு நடக்கும். முதலிற் சட்டத்தின் பொருத்துகளை அசைத்துப் பார்ப்பார். தளர்ந்திருந்தால் பசையிட்டு இறுக்குவார். பின்னர் அடியில் நாடா. நெடுக்காகவும் குறுக்காகவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி, ஒரு மரத்துண்டை நெம்புகோலாக வைத்து இழுத்து அடிக்கவேண்டும். அதன்மேல் சுருள்வில்கள். ஒவ்வொரு வில்லையும் நாடாவோடு தைத்து, தடித்த சணல் நூலால் முன், பின், இருபக்கம், நான்கு மூலை என எட்டுத் திசைக்கும் கட்டவேண்டும். அதன்மேல் சாக்கு. சாக்கின்மேல் விரல்களால் பிய்த்து இளக்கிய தும்பு. விளிம்பு சரியாமல் இருக்கக் கோணூசியாற் பல வரிசை தையல். அதன்மேல் பஞ்சு, பின்னர் ஒரு மெல்லிய துணி, கடைசியிலே மேலுறை. ஆணிகளை வாயிலே அடக்கிக்கொண்டு, நாவினால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, எடுத்து அடிப்பார். வாயில் ஆணி இருக்கும்வரை அவரோடு உரையாட முடியாது. எமது கேள்விகளுக்குத் தலையசைவே விடை.

மேலுறையின் கடைசி ஆணி அடிக்கப்பட்டதும் இதுவரை கூறிய அனைத்தும் மறைந்துபோகின்றன. இங்கேதான் இத்தொழிலின் விசித்திரம் இருக்கின்றது. தச்சர் செய்த பொருத்து வெளியே தெரியும். மேசனின் சுவர் ஓரளவாவது தெரியும். குஷன்காரரின் கடைசி வேலை தமது முந்திய வேலையை மறைப்பதாகும். ஏமாற்ற விரும்பினால் வழிகள் பல. பன்னிரண்டு நாடா வேண்டிய இடத்தில் எட்டு. எட்டுக் கட்டு வேண்டிய வில்லுக்கு நான்கு. முழுத் துண்டுக்குப் பதிலாக வெட்டிக் கழித்த நுரைப்பஞ்சுத் துண்டுகளை ஒட்டிய பட்டை. 'போம்' எனப்படும் நுரைப்பஞ்சிலும் அடர்த்தி கூடியது, குறைந்தது எனப் பல தரம் உண்டு. புதிதாக இருக்கும்போது கையால் அமுக்கிப் பார்ப்பவருக்கு வேறுபாடு இலகுவிற் புலப்படாது. ஓராண்டு கழிந்தபின் அடர்த்தி குறைந்தது குழிவிழுந்து கிடக்கும்.

பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் கைஜஸ் என்ற இடையனின் கதையைச் சொல்கின்றார். மோதிரத்தைத் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். அத்தகைய மோதிரம் அகப்பட்டால் நீதிமானும் அநீதியாளனும் ஒரே வழியிற் செல்வார்களல்லவா என்பது அங்கு எழுப்பப்படும் வினா. மெய்யியல் வகுப்புகளில் இது ஒரு கற்பனைக் கதையாகவே படிப்பிக்கப்படுகின்றது. எமது குஷன்காரருக்கோ அது கற்பனையன்று. மாலை தோறும் அவர் அந்த மோதிரத்தை அணிகின்றார்.

காண்ட் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலொன்றில் ஒரு கடைக்காரரைக் காட்டுகின்றார். அக்கடைக்காரர் விவரமறியாதவரிடமும் குழந்தையிடமும் கூடுதல் விலை கேட்பதில்லை. ஆனால் அவர் கடமையுணர்வினால் அவ்வாறு செய்கின்றாரா, வாடிக்கை பெருகும் என்பதற்காகச் செய்கின்றாரா என்று காண்ட் வினவுகின்றார். கூர்மையான வினா. ஆயினும் அக்கடைக்காரருக்கு ஒரு வசதி இருந்தது. அவருடைய நேர்மை வெளியே தெரிந்தது. அடுத்த கடையில் விலை கேட்டால் அறிந்துகொள்ளலாம். தெரியும் நேர்மைக்குச் சந்தையிலே விலையுண்டு. தெரியாத நேர்மைக்கு? வாங்குபவர் தரத்தை அறியமுடியாத சந்தையில் தரமான பண்டம் தன் விலையைப் பெறாது பின்வாங்க, தரங்குறைந்ததே எஞ்சும் என்பதைப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கலொப் 1970 இல் பழைய மோட்டார்க் கார்களை உதாரணமாகக் கொண்டு விளக்கினார். 2001 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எமது ஒழுங்கைக் குஷன்காரர்கள் அதனை முன்னரே அறிந்திருந்தனர். அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை.

இதனைச் சட்டத்தாற் சரிசெய்யலாம் என்பாருமுளர். சட்டம் வேண்டாமென்று நாம் கூறமாட்டோம். உறைக்குள் இருப்பதைப் பற்றிய கவலை மிகப் பழையது. இலண்டனில் இத்தொழிலின் கழகத்தார் 1474 இல், கெட்ட பொருள்கள் அடைத்த மெத்தைகளைத் தேடிப் பரிசோதிக்கத் தமக்கு அதிகாரம் வேண்டுமென நகர முதல்வரிடம் மனுக்கொடுத்தனர். 1495 இல் ஏழாம் ஹென்றியின் பாராளுமன்றம் மெத்தைக்குள்ளும் தலையணைக்குள்ளும் எதை அடைக்கலாம், எதை அடைக்கலாகாது என்று சட்டமே இயற்றியது. எமது காலத்துக்கு வந்தால், 1979 ஆம் ஆண்டு மே மாதத்தில் மான்செஸ்டர் நகரின் பெருங்கடையொன்றில் தீப்பற்றியது. தளபாடப் பகுதியில் அடுக்கியிருந்த நுரைப்பஞ்சு இருக்கைகள் கொழுந்துவிட்டெரிந்து கரும்புகை கக்கின. பத்துப் பேர் மாண்டனர். தளபாடங்களின் தீப்பாதுகாப்புக் குறித்துப் பிரித்தானியாவில் இறுக்கமான விதிகள் வந்தது 1988 இல். இடையில் ஒன்பது ஆண்டுகள். அழகான உறையின்மேல் அமர்ந்தவர் எவரும் தாம் எதன்மேல் அமர்ந்திருந்தனர் என்பதை அறிந்திருக்கவில்லை.

இலங்கையிலும் 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கின்றது. இருந்தென்ன? ஒழுங்கைத் தொழிற்கூடத்தில் மூடித் தைத்த ஒரு செற்றியை எந்த அதிகாரி வந்து பிரித்துப் பார்ப்பார்?

சட்டம் எட்டாத இடத்தை நிரப்புவது குஷன்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான உறவு. அது எத்தகைய உறவு என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஏனெனில் இதைப்பற்றி இனிமையாகப் பேசுவது எளிது.

அவர் தமது வாடிக்கையாளரை அவர்களது இருக்கைகளைக் கொண்டே அறிந்திருந்தார். இடப்பக்கம் மாத்திரம் அமிழ்ந்த சாய்மனைக் கதிரையைக் கண்டால், வீட்டிலுள்ள முதியவர் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பப் பிரயாசைப்படுகின்றார் என்று தெரிந்துகொண்டு, கேளாமலே அப்பக்கத்தை உயர்த்தி அடிப்பார். கணவன் இறந்து ஆண்டு திரும்பியபின் அவருடைய கதிரையைக் கொண்டுவந்த மனைவி, 'உறையை மாத்துங்கோ, உள்ளுக்கை ஒண்டும் தொடவேண்டாம்' என்று சொன்னாராம். அவர் அமர்ந்த குழி அப்படியே இருக்கவேண்டும் என்பது அந்த அம்மாவின் விருப்பம். தொழில் முறைப்படி அது பிழை, அவ்வாறே செய்துகொடுத்தார். ஓட்டோ ஓட்டுபவர்கள் இரவு ஒன்பது மணிக்கு இருக்கையைக் கழற்றிக் கொடுத்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கேட்பார்கள். வாகனம் ஒரு நாள் நின்றால் அன்றைய அடுப்பு நின்றுவிடும். அவர்களுக்காக அவர் விழித்திருந்து அடிப்பார். காசு நான்கு தவணையில் வரும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்காக வீட்டைப் புதுப்பிப்பவர்களோ முழுக்காசையும் முன்னரே தருவார்கள், துணியின் நிறத்துக்காக ஐந்து முறை வருவார்கள், உள்ளே என்ன போடுகிறீர்கள் என்று ஒருமுறையும் கேட்கமாட்டார்கள்.

அவரிடம் குறைகள் இல்லையா? இருந்தன. 'நாளைக்கு' என்னும் சொல்லை இவர்களைப்போலத் தாராளமாகப் பயன்படுத்துபவர் வேறில்லை. எமக்கே ஒரு கதிரைக்கு ஏழு 'நாளைக்கு' கிடைத்திருக்கின்றது. முற்பணமாக ஒருவர் கொடுத்த காசில் மற்றொருவரின் துணியை வாங்குவதும், அதனால் மற்றொருவரின் வேலை பிந்துவதும் முதலில்லாத சிறு தொழிலின் நோய். சொல்லிய நாளை மீறுவதும் ஒரு பொய்தானே என்று ஒருமுறை கேட்டோம். வாயில் ஆணி இருந்தது. தலையசைத்தார்.

நிற்க. முகம் தெரிந்த உறவே நேர்மைக்கு உத்தரவாதம், பழைய கிராமத்தில் அது இருந்தது, நகரமும் பணமும் அதைக் கெடுத்துவிட்டன என்று எமது மேடைகளிலே அடிக்கடி புலம்பக் கேட்கின்றோம். பழைய கிராமத்திலே முகம் தெரிந்தது உண்மைதான். குடிமை முறையின் கீழ்ப் பணிசெய்தவர் ஒவ்வொரு வீட்டாரையும் பெயர் சொல்லி அறிந்திருந்தார்; அவ்வீட்டாரும் அவரை அறிந்திருந்தனர். அவர் எங்கே நிற்கவேண்டும், எதில் இருக்கக்கூடாது, எந்தப் பாத்திரத்தில் குடிக்கவேண்டும் என்பதையும் அந்த அறிமுகமே நிர்ணயித்தது. அந்த நம்பிக்கை கட்டாயத்தின் மறுபெயர். அதற்குத் திரும்பிச் செல்லச் சொல்பவர்கள் தாம் எந்தப் பக்கத்தில் நின்றிருப்பார்கள் என்பதில் ஐயமில்லாதவர்கள்.

மறுபக்கத்தில், பேசிய கூலிக்குப் பேசிய வேலை, அதற்குமேல் அறம் எதற்கு என்று கேட்கும் சந்தை நியாயம் நிற்கின்றது. மனிதருக்கிடையிலான உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்கொள்வதை மார்க்ஸ் 1867 இல் 'மூலதன'த்தின் முதலாம் பாகத்தில் காட்டினார். அதைப் படித்தவர்கள், படிப்பித்தவர்கள் நாம். ஆயினும் எமது சொந்த வீட்டுச் செற்றி விடயத்தில் எவ்வாறு நடந்துகொண்டோம் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

2022 ஆம் ஆண்டு பெப்ரவரியில் எமது செற்றியை அவரிடம் ஒப்படைத்தோம். பேசிய விலை 45,000 ரூபா, முற்பணம் 15,000. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 350 ஐத் தாண்டியது. அந்த வாரங்களை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. மின்சாரத்தில் இயங்கும் ஆணித் துப்பாக்கி வைத்திருந்த தொழிற்கூடங்கள் கைகட்டி நின்றன; எமது குஷன்காரரின் மிதி இயந்திரமும் சுத்தியலும் மட்டும் ஓயவில்லை. ஆனால் நுரைப்பஞ்சின் விலை ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. சில நாட்களில் எந்த விலைக்கும் கிடைக்கவில்லை.

ஒரு மாலை அவர் வீட்டுக்கு வந்தார். 'மாஸ்ரர், பேசின விலைக்கு இப்ப போம் வாங்கேலாது. மலிஞ்ச போம் ஒண்டு இருக்கு. போட்டால் ஒரு வருசத்துக்கு உங்களுக்குத் தெரியாது. சொல்லாமல் போட எனக்கு மனமில்லை. ஒரு பதினையாயிரம் கூட்டித் தந்தால் நல்லதே போடுவன். இல்லாட்டி அட்வான்சைத் திருப்பித் தாறன், செற்றியை எடுங்கோ' என்றார்.

பேசிய விலை பேசிய விலைதான் என்றோம்.

எம் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. எமது சம்பளம் கூடவில்லை. அரிசி, பால்மா, எரிவாயு எல்லாம் கூடியிருந்தன. ஒப்பந்தம் ஒப்பந்தமே. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில், 2021 யூலை தொடக்கம், சம்பள முரண்பாட்டை நீக்கும்படி ஆசிரியர்களாகிய நாம் மாதக்கணக்காகப் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தோம். வகுப்பறைக்கு வெளியே நாம் செய்யும் வேலையை யாரும் காண்பதில்லை, கணக்கெடுப்பதில்லை என்பது அன்று எமது வாதங்களில் ஒன்று. விடைத்தாள் திருத்தும் இரவும் பாடம் ஆயத்தம் செய்யும் விடியலும் உறைக்குள் இருக்கும் உழைப்பே என்று நாம் உலகுக்குச் சொன்னோம். எட்டு மாதம் கழித்து மற்றொருவரின் உறைக்குள் இருக்கும் உழைப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது எமக்கு ஒப்பந்தச் சட்டம் நினைவுக்கு வந்தது. நாணயத்தின் வீழ்ச்சியை யாராவது ஒருவர் சுமக்கவேண்டும். அது அவராக இருக்கட்டும் என்பதே எமது தீர்ப்பு.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். இந்த உரையாடல் முழுவதும் அவர் வாசற்படியில் நின்றார். நாம் விறாந்தையில் நின்றோம். செற்றி அவருடைய கொட்டகையில் இருந்தது உண்மை; ஆனால் வீட்டிலே வேறு நான்கு கதிரைகள் இருந்தன. அவற்றுள் இரண்டுக்கு நாடா அடித்தவரும் அவரே. 'இருங்கோ' என்ற ஒரு சொல் எமது வாயிலிருந்து வரவில்லை.

சம ஆசனம் என்பது யாழ்ப்பாணத்திலே இரத்தமும் நெருப்பும் கண்ட சொல். 1930 ஆம் ஆண்டளவில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மட்டத்து இருக்கையில் இருத்தவேண்டும் என்ற நிலை வந்தபோது, அதைப் பொறுக்காதவர்கள் பாடசாலைகளையே எரித்தனர். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னும் தேநீர்க் கடையில் கதிரையில் அமர்ந்து குடிப்பதற்காக மக்கள் போராடவேண்டியிருந்தது. 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தை ஆண்டுதோறும் நாம் நினைவுகூருகின்றோம்; கட்டுரையும் எழுதுகின்றோம். குஷன்காரரின் சாதி எதுவென்று நாம் கேட்டதில்லை. கேளாமலே ஒருவரைப் படியில் நிறுத்திவைக்கும் பழக்கம் எமது கால்களிலும் நாக்கிலும் ஊறியிருக்கின்றது என்பதை அன்றிரவு படுக்கையிலேதான் உணர்ந்தோம். மறுநாளும் சென்று அதைச் சரிசெய்யவில்லை.

'அப்ப சரி, நான் பாத்துச் செய்யிறன்' என்று சொல்லிப் போனார். யூன் மாதம் செற்றி வந்தது. மீதி 30,000 ரூபாவை இரண்டு தவணையிற் கொடுத்தோம். மலிந்த போமைத்தான் போட்டிருப்பார் என்று நினைத்தோம். ஆண்டு முடிவிற் குழிவிழும் என்று எதிர்பார்த்தோம். எதிர்பார்த்ததில் ஒருவகைத் திருப்திகூட இருந்தது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் எம்மை ஏமாற்றினால் எமது கணக்கும் சமமாகிவிடுமல்லவா?

குழி விழவில்லை. மூன்று ஆண்டுகள் கழிந்து எமது வீட்டுப் பூனை செற்றியின் ஒரு பக்கத்தை நகத்தாற் கிழித்தபோது, ஒழுங்கைத் தொழிற்கூடம் மூடப்பட்டிருந்தது. வாடகை கொடுக்க முடியாமல் அவர் எங்கோ சம்பளத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வேறோர் இளம் தொழிலாளியை அழைத்தோம். அவர் உறையைக் கழற்றிவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். 'இது ஆர் மாஸ்ரர் செய்தது?' என்று கேட்டார். உள்ளே மலிந்த போம் இல்லை. எமது பழைய செற்றியில் இருந்த அதே தும்பு, கழுவி, வெயிலில் உலர்த்தி, நாராக நாராகப் பிய்த்து, மூன்று அடுக்காக அடுக்கி, சணல் நூலால் நெருங்கத் தைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு விரற்கடை தடிப்பில் நல்ல போம். அவ்வளவுக்குத்தான் எமது காசு போதியிருக்கின்றது. எஞ்சியதை அவர் தமது கைகளால் நிரப்பியிருக்கின்றார். 'தும்பு பிய்க்க மட்டும் மூண்டு நாள் போயிருக்கும். இப்ப ஆருக்கு நேரமிருக்கு?' என்றார் இளைஞர். பின்னர், 'இதை நான் குழப்பமாட்டன். துணியை மட்டும் மாத்துறன்' என்றார்.

நாம் கூட்டிக் கொடுக்க மறுத்தது பதினையாயிரம் ரூபா. அவர் கொடுத்தது மூன்று நாள், அல்லது நான்கு.

இவ்வேலை யாருக்குச் செய்யப்பட்டது? எமக்கென்று சொல்லத் துணிய மாட்டோம். எமக்கு அது தெரியப்போவதில்லை என்பதை அவரே முன்னர் சொல்லியிருந்தார். வாடிக்கைக்காக என்று காண்டின் ஐயத்தைப் பொருத்தினாலும் பொருந்தாது. படியில் நிறுத்திவைத்த வாடிக்கையாளரை மீண்டும் பெற யார் மூன்று நாள் தும்பு பிய்ப்பார்? கடவுளுக்கு அஞ்சிச் செய்தார் எனலாம். அவர் விபூதி பூசுபவர்தான், ஆனால் 'நாளைக்கு' என்று சொல்லும்போது அந்த அச்சம் காணப்படவில்லை.

எமக்குத் தோன்றுவது இது. மூடிய உறையை ஒருநாள் ஒருவர் திறப்பார். அவர் வீட்டுக்காரர் அல்லர், மற்றொரு குஷன்காரர். இத்தொழிலில் ஒருவரின் வேலையை உண்மையாகப் பார்க்கும் கண் பத்து, பதினைந்து ஆண்டு கழித்து வரும் அறிமுகமில்லாத சக தொழிலாளியின் கண்தான். பிளேட்டோவின் மோதிரம் வாடிக்கையாளருக்கும் அதிகாரிக்கும் முன்னே ஆளை மறைக்கும். அந்தக் கண்ணுக்கு முன்னே மறைக்காது. இளைஞர் 'இது ஆர் செய்தது' என்று கேட்டபோது அவருடைய குரலில் இருந்த மரியாதையை நாம் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் கேட்டதில்லை. அறம் என்பது தனிமனிதரின் உள்ளத்தில் மட்டும் குடியிருப்பது என்று கொள்பவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும். ஒரு தொழிலைச் செய்வோர் ஒருவரையொருவர் காணாமலே ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் நிலை ஒன்று இருக்கின்றது. அந்த நிலை நிலைக்கவேண்டுமாயின் கதிரை மீண்டும் திறக்கப்படவேண்டும், திருத்தப்படவேண்டும், திருத்துபவர் தொழிலில் நீடிக்கக்கூடிய கூலி வேண்டும். கிழிந்ததும் எறிந்துவிடும் செற்றிக்கு அடுத்த கண் இல்லை.

அவரைத் தேடிச் சென்றோம். நகரின் எல்லையில் பெரிய தளபாட விற்பனைக்கூடம் ஒன்றின் பின்புறத் தொழிற்கூடத்தில் இருந்தார். முன்மண்டபத்திலே நாற்பது, ஐம்பது இருக்கைகள். எம்மை வரவேற்ற இளம்பெண் அவற்றுள் ஒன்றைக் காட்டி இருக்கச் சொன்னார். அவர் வந்ததும் எழுந்து, 'இருங்கோ அண்ணை' என்றோம். மூன்று ஆண்டு பிந்திய சொல்.

'இதில நாங்கள் இருக்கேலாது மாஸ்ரர். விக்கிற சாமான்' என்றார்.

ஆகவே இருவரும் நின்றபடியே பேசினோம். அங்கு அவருக்கு நாளொன்றுக்கு இத்தனை என்று எண்ணிக்கை. பஞ்சும் பலகையும் வேறிடத்தில் வெட்டி ஒட்டி வருகின்றன. இவர் உறையை இழுத்து ஆணித் துப்பாக்கியால் அடிக்கவேண்டியதே. உள்ளே என்ன போடுகின்றார்கள் என்று கேட்டோம். 'எனக்கும் தெரியாது மாஸ்ரர். மூடித்தான் வருகுது' என்றார். அதை அவர் வருத்தத்தோடு சொன்னதாக எமக்குப் படவில்லை. கண்கள் மாத்திரம் எமது கைக்குப் பக்கத்தில் இருந்த செற்றியின் அடிப்புறத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தும்பைக் கண்டதைச் சொன்னோம். 'அந்த நேரம் தும்பு கிடந்தது, கையும் கிடந்தது. போம்தான் இல்லை' என்றார். பதினையாயிரம் ரூபாவை ஓர் உறையிலிட்டுக் கொண்டுபோயிருந்தோம். மறுக்காமல் வாங்கினார். அங்கேயே எண்ணினார். இரண்டாயிரத்தை எடுத்துத் திருப்பித் தந்தார்.

'ஸ்பிறிங் பழசைத்தான் போட்டனான். அதுக்குக் காசில்லை' என்றவர், உள்ளே போகத் திரும்பி, மறுபடியும் நின்றார். 'பூனை இப்பவும் நிக்குதோ? அந்தப் பெடியனிட்டைச் சொல்லி விளிம்புக்குத் தடிச்ச துணி போடுவியுங்கோ.'